ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்ப்ரூஸ்

மகள் கல்யாணம் கட்டி ரொறொன்ரோவுக்குப் போகும்போது, ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் முழங்கால் உயரக் கன்று ஒன்றைத் தொட்டியோடு தந்துவிட்டுப் போனாள். "கதைக்க ஆளில்லாட்டி இதோடை கதையுங்கோ அப்பா" என்றாள். அதன்பிறகு பியர்பொன்ட்ஸ் என்ற ஊரிலுள்ள வீட்டில் நானும் டிவியும் அந்தக் கன்றும்தான்.

முதல் குளிர் வந்ததும், வருடாவருடம் செய்வதுபோலக் கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே தூக்கினேன். கையோடு ஸ்ப்ரூஸையும் தூக்கினேன். பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காத மூளை அப்படித்தான் வேலை செய்யும். இரண்டையும் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்து, காலையில் தேத்தண்ணீரோடு இருந்து கதைத்தேன். கறிவேப்பிலை தளதளவென்று நின்றது. ஸ்ப்ரூஸோ இலை கொட்டத் தொடங்கியது. என் கதையைக் கேட்டு மரத்துக்கே மொட்டை விழுகிறது என்று நினைத்தேன்.

அது செத்தால் மகளுக்கு என்ன சொல்வது? பயந்து பயந்து போனில் காட்டினேன்.

"ஐயோ அப்பா! அது பனிக்காட்டு மரம். வடக்காலை போனா காடு முழுக்க இதுதான் நிக்குது. வெளியிலை கொண்டுபோய் நடுங்கோ!"

"குளிராதோ பிள்ளை?"

"உங்களுக்குத்தான் குளிரும்!"

அன்றே பின்வளவில் நட்டேன். இப்போது வளவெல்லாம் பனி. கொட்டியது போக மிச்சம் பச்சையாக, ஸ்ப்ரூஸ் அதற்குள் சந்தோஷமாக நிற்கிறது. அதோடு கதைப்பதென்றால் கோட்டும் சப்பாத்தும் போட்டு இறங்க வேண்டும். நான் ஹீட்டருக்குப் பக்கத்தில் கறிவேப்பிலையோடு இருந்து, ஜன்னலால் கையைக் காட்டுகிறேன்.