நெடுந்தீவுக் கடலில் கயிறு பிடிக்க ஒரு மச்சான்

சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போய்ப் பார்க்கவேண்டும் என்ற விசர் எனக்கு 1983 சித்திரையில் முற்றியது. தெற்கே காலி நகரில் எங்கள் குடும்பத்துக்குக் கடை இருந்தது. அலுவலாக ஹிக்கடுவைப் பக்கம் போகும்போதெல்லாம் வெள்ளைக்காரர் முதுகில் சிலிண்டரோடு இறங்கி, சிரித்த முகத்தோடு ஏறி வருவதைப் பார்ப்பேன். நான் பிறந்தது வடக்கே ஒரு தீவில், புளியங்கூடலில். சுற்றிவரக் கடல் இருந்தும் எங்கள் வீட்டு ஆட்கள் யாரும் முழங்காலுக்கு மேல் அதில் நனைந்ததில்லை. தோட்டக்காரருக்குக் கடலில் என்ன வேலை என்பார்கள். நான் நீந்தப் பழகியதே கோயில் கேணியில்தான்.

வருஷப்பிறப்புக்குப் பத்து நாள் லீவில் ஊருக்கு வந்தேன். பங்குனி, சித்திரையில் அந்தக் கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரிக் கிடக்கும். போகிறவர்கள் அந்த இரண்டு மாதத்தைப் பாருங்கள். ஆடிக் கலவரத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அதைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள், நான் சுழியோடின கதையை எழுதுகிறேன்.

முதலில் விசாரித்தது குறிகட்டுவானில். எங்கள் வீட்டிலிருந்து பத்துக் கட்டை, அதாவது பதினாறு கிலோமீற்றர். பஸ்ஸில் ஐம்பது நிமிஷம், மூன்று ரூபா. இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஒருவர் இரண்டு சிலிண்டரும் ஒரு வள்ளமும் வைத்திருந்தார். என் பெரியம்மாவின் பேத்தியைக் கட்டியவர். எங்கட ஆள்தானே, பிறகென்ன யோசனை என்று அந்த இடத்திலேயே தலையாட்டிவிட்டேன். நம்மவர்கள் டொக்டரையும் அப்படித்தான் தேடுவோம், மேசன்மாரையும் அப்படித்தான் தேடுவோம்.

"அரை மணித்தியாலம், நூறு ரூபா. வாரும், இப்பவே இறக்கிறன்," என்றார். நீந்தத் தெரியுமா என்றுகூடக் கேட்கவில்லை. சிலிண்டரைத் திறந்து ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தேன். சைக்கிள் கடைக்குள் முகத்தை வைத்த மாதிரி எண்ணெய் மணம்.

"எங்கை அண்ணை காத்து அடிக்கிறனீங்கள்?"

"லொறி ரயருக்கு அடிக்கிற மெசின்தான். காத்துக் காத்துத்தானே தம்பி!"

சொந்தமாவது பந்தமாவது! வயிற்றுக்குத்து என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நயினாதீவுப் பயணிகள் படகான லோஞ்சில் ஏறிவிட்டேன். இருபது நிமிஷம், இரண்டு ரூபா. அம்மனைக் கும்பிட்டுத் திரும்பும்போது, பக்கத்தில் இருந்த மீன் வியாபாரி என் கதையைக் கேட்டுச் சிரித்தார். "சிலிண்டர் எண்டா நெடுந்தீவுச் செபமாலையரிட்டப் போம். ஆனா அவர் எல்லாரையும் இறக்கமாட்டார்," என்றார்.

அடுத்த நாள் நெடுந்தீவுக்குப் போனேன். குறிகட்டுவானிலிருந்து ஒரு மணியும் பத்து நிமிஷமும், நாலு ரூபா. நடுக்கடலில் லோஞ் ஆடும், காலைச் சாப்பாட்டைப் பாதியாகக் குறையுங்கள். இறங்குதுறையிலிருந்து கால்மணி நடை. செபமாலையர் ஐம்பது வயதுக்காரர், சங்கு குளித்துக் காது ஒன்று மந்தமானவர். சிலிண்டரைத் திருகோணமலைக்கு அனுப்பி நிரப்பி எடுப்பார். மூச்சு இழுத்துப் பார்த்தேன், ஒரு மணமும் இல்லை. கட்டணம் நூற்றைம்பது ரூபா.

மனிதர் முக்கால் மணித்தியாலம் என்னைக் கதிரையில் இருத்தி வைத்துக் கேள்வி கேட்டார். தடிமன், சளி இருக்கோ? காதில் சீழ் வடிந்ததுண்டோ? நேற்றுக் குடித்தனீரோ? மூக்கைப் பொத்திக் காதால் காற்றுத் தள்ளிக் காட்டச் சொன்னார். எல்லாவற்றிலும் பாஸ் பண்ணிவிட்டேன் என்று நினைத்த நேரம் கடைசிக் கேள்வி வந்தது.

"கயிறு பிடிக்க ஆர்?"

"ஆரெண்டா? உங்கட ஆக்கள்தானே அண்ணை?"

"சிச்சீ. உம்மட மனிசியின்ர தமையனோ தம்பியோ வரவேணும். சங்கு குளிச்ச காலத்தில என்ர அப்பு வைச்ச முறை. நானும் உம்மோட இறங்குவன். ஆனா மேல நிண்டு கயிறு பிடிக்கிறவன் மச்சானா இருக்கவேணும்."

"உங்கட மகன் பிடிச்சா என்ன?"

"அவன் நல்லாப் பிடிப்பான். உமக்கு ஒண்டு நடந்தா ஒரு கிழமை கவலைப்பட்டுப்போட்டு மறந்திடுவான். மச்சான் அப்பிடியில்லை. தன்ர கூடப்பிறந்தவள் தாலியறுக்க விடான்."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. மனைவி சரோவுக்கு ஒரே ஒரு தமையன், மகேந்திரன். அவர் என்னோடு கதைத்து எட்டு மாதம். பிழை என்னுடையதுதான். அவருடைய மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில், நாலு பேர் நடுவில், "மச்சான் எஸ்.எஸ்.சி.யை மூண்டு தரம் எழுதினவர், எங்களைவிட அவருக்குத்தான் பாடம் நல்லா ஞாபகம் இருக்கும்," என்று பகிடி விட்டேன். சனம் சிரித்தது. அவர் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. நான் லீவில் வந்த நேரம் சரோவுக்கு வயிற்றில் ஐந்து மாதம். முதல் பிள்ளை. தமையன் எட்டிப் பார்க்கவில்லையே என்று குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுவாள். நான் கேட்காத மாதிரிப் பேப்பர் பார்ப்பேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது, அது எங்கள் பரம்பரை வியாதி.

வீட்டுக்கு வந்து சரோவிடம் சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தால், செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டாள். "வாங்கோ. உங்கட விசராலயெண்டாலும் ஒரு நல்லது நடக்கட்டும்."

மச்சான் தோட்டத்தில் புகையிலை அடுக்கிக்கொண்டு நின்றார். நான் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை. பிறகு என்னைப் பாராமல் தங்கையிடம் கேட்டார்.

"சரோ, லோஞ் எத்தினை மணிக்காம்?"

"ஏழரைக்கு அண்ணை," என்றேன் நான், பதற்றத்தில். மச்சானை அண்ணை ஆக்கிவிட்டேன். அவர் அதற்கும் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் லோஞ்சில் அவர் முன்னுக்கு, நான் பின்னுக்கு. செபமாலையரின் வள்ளத்திலும் அப்படியே. தீவுக்கு மேற்கே அரைமணி ஓட்டம், மூன்று பாகம் ஆழம், ஏறக்குறைய பதினெட்டு அடி. என் இடுப்பில் கயிற்றைக் கட்டிவிட்டு, செபமாலையர் மச்சானுக்குச் சொல்லிக் கொடுத்தார். நிமிஷத்துக்கு ஒருக்கா மேலேயிருந்து ஒரு இழுப்பு. கீழேயிருந்து ஒரு இழுப்பு பதிலாக வந்தால் ஆள் சுகம். வராவிட்டால் தூக்கவேண்டும். மச்சான் கயிற்றை முழங்கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். எட்டு மாதம் கோபத்தில் இருக்கிற மனிதனிடம் என் உயிர் ஒரு சுற்றுக் கயிற்றில் கிடக்கிறது என்று நினைத்து முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தேன்.

ஆனால் செபமாலையரோடு கீழே போனதும் எல்லாம் மறந்துபோயிற்று. ஐயோ, என்ன அழகு! பவளப் பாறையான முருகைக் கற்களுக்குள் மஞ்சளும் நீலமுமாய் மீன்கள், ஒன்றாவது என்னைப் பொருட்படுத்தவில்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும். நான் ஒரு கல்லடியில் குந்திக்கொண்டு, ஒரு சிறு நண்டு பழைய சங்கை விட்டு இன்னொரு சங்குக்கு வீடு மாறுவதைப் பார்த்தேன். கயிறு இழுபட்டதை உணர்ந்தேன். பொறும், இந்த நண்டு உள்ளுக்குப் போகட்டும் என்று நினைத்தேன். இரண்டாவது இழுப்புக்கும் அதே நினைப்பு.

அடுத்த கணம் இடுப்பு முறிகிற மாதிரி மேலே போனேன். செபமாலையர் பாய்ந்து வந்து என் காலைப் பிடித்து வேகத்தைக் குறைத்தார். நான் பயத்தில் கத்திக்கொண்டு போனது நல்லதாய்ப் போயிற்று, மூச்சை அடக்கியிருந்தால் நெஞ்சு வெடித்திருக்குமாம். நீங்கள் இறங்கினால் ஏறும்போது மூச்சை விட்டுக்கொண்டே ஏறுங்கள்.

வள்ளத்துக்குள் விழுந்ததும் மச்சான் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"விசரா! இழுத்தாப் பதில் சொல்லத் தெரியாதோ? நான் சரோவுக்குப் போய் என்ன சொல்லுறது?"

எட்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அந்த விசரன்தான்.  அவருடைய இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து இரத்தம்.

"மச்சான்," என்றேன், "அண்டைக்குப் பந்தியில நான் கதைச்சது பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ." வாய் வந்துவிட்டது.

"அதை இப்ப ஆர் கேட்டது? முதல்ல தேத்தண்ணியைக் குடியும்," என்று பிளாஸ்க்கை நீட்டினார்.

இதை வாசித்துவிட்டு எங்கேயாவது சுழியோடப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்களிடம் கேள்வி கேட்காதவரிடம் போகவேண்டாம். காற்றை மணந்து பாருங்கள். "பயமில்லை, பயமில்லை" என்று பத்துத் தரம் சொல்கிறவரை விட்டுவிட்டு, "உம்மை இறக்க ஏலாது" என்று யாரையாவது திருப்பி அனுப்பியவரைத் தேடுங்கள். சொந்தக்காரரென்றால் கூடுதலாக விசாரியுங்கள்.

தேத்தண்ணி முடிய, மச்சான் தண்ணீரை எட்டிப் பார்த்தார். "அப்பிடி என்னத்தைப் பார்த்தனீர் கீழ?" என்றார். சொன்னேன். "நானும் இறங்கிறன்," என்றார். கேணியில் அவர் என்னைவிட நன்றாக நீந்துவார்.

செபமாலையர் கேள்வியெல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் கடைசியில் கயிற்றுக் கேள்விக்கு வந்தார். "உம்மட மனிசியின்ர சகோதரம் எங்கை?"

"அவளுக்குச் சகோதரம் இல்லை. இவர் பிடிப்பார்."

"இவர் உம்மட தங்கச்சியின்ர புருஷன். நீர் போனா இவர் வீட்டில ஒருத்தியும் தாலியறுக்கப் போறதில்லை. என்ர அப்புவின்ர முறைக்கு இது சரிவராது."

"தெரியும்," என்றார் மச்சான். உரிந்த கையால் கயிற்றை எடுத்து என் கைக்குள் வைத்தார்.

செபமாலையர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மச்சானுடைய இடுப்பில் முடிச்சைப் போட்டார். பன்னிரண்டு நிமிஷம் மச்சான் கீழே இருந்தார். நான் நிமிஷத்துக்கு ஒருக்கா அல்ல, அரை நிமிஷத்துக்கு ஒருக்கா இழுத்தேன். அவர் ஒரு தரம்கூடப் பதில் சொல்லாமல் விடவில்லை.