வைக்கிங் அறைக் காவலாளி

மத்தியானம் இரண்டேகாலுக்கு நான் திரும்பிப் பார்த்தபோது மகள் தர்சினி பக்கத்தில் இல்லை. எண்பதுகளின் கடைசி. லண்டனில் ஒரு நூதனசாலையில், வைக்கிங் வாள்கள் வைத்திருந்த அறையில் நின்றோம். அவளுக்குப் பத்து வயது. போர் நடந்த ஊரில் காணாமற்போனவர்களைத் தேடி அலைந்தவன் நான்.

மகளைக் காணவில்லை என்று அந்த அறைக் காவலாளியிடம் ஓடினேன். நரைத்த தாடியும் தொளதொளத்த நீலக் கோட்டுமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். எந்த அரசனையும் தகப்பன் பெயரோடுதான் சொல்வார். கடலால் வந்து கொள்ளையடித்தவர்களின் தலைவன், ஸ்வேனின் மகன் கனூட். இங்கிலாந்துச் சிம்மாசனத்துக்காக அவனோடு மோதியவன், எதெல்ரெட்டின் மகன் எட்மண்ட்.

கதையைப் பாதியில் விட்டுவிட்டு என்னிடம், "பிள்ளையின் குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்டார்.

"நடராசா" என்றேன். அது என்னுடைய பெயர். எங்கள் பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயர்தானே கடைசிப் பெயர்.

ஒலிபெருக்கியில் அறிவிக்கச் செய்தார்: "நடராசா, வைக்கிங் அறைக்கு வரவும்."

பிறகு என் தோளில் கைவைத்து, "வந்துவிடுவாள்" என்றார். வாசலுக்கும் என்னிடத்துக்குமாக நடந்து நடந்து எட்டிப் பார்த்தார். முன்பின் தெரியாத ஒருவனின் பிள்ளைக்காக அந்த மனிதர் ஏன் அப்படித் தவித்தார் என்று இன்றும் யோசிக்கிறேன்.

மூச்சிரைக்க ஓடிவந்து வாசலில் நின்றாள் தர்சினி.

"அப்பா! உங்கட பேரைச் சொல்லிக் கூப்பிடுகினம். துலைஞ்சு போனீங்களோ?"