கை போச்சு என்றா சொன்னான்?

அருள்மேரி ஸ்பானிஷ் கற்றது சமையலறையில். தாம்பரத்தில் ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் வளர்ந்தவள். குழம்பில் உப்பு கூடிப்போனால் சமையல் சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு, "செ மெ ஃபுவே லா மானோ" என்பாராம். வார்த்தை வார்த்தையாகப் பார்த்தால் 'என் கை போய்விட்டது'. கை எங்கும் போகாது. அளவு மீறிவிட்டேன், தப்பு என்னுடையது என்று அர்த்தம். எந்த அகராதியும் இதை அவளுக்குச் சொல்லித் தரவில்லை. உப்புக் குழம்பைத் தின்று தெரிந்துகொண்டாள்.

அந்த மொழிக்காகத்தான் திருமுடிவாக்கத்தில் எங்கள் பட்டறை முதலாளி சிட்டிபாபு தொண்ணூற்றாறில் அவளை டைப்பிஸ்ட்டாகச் சேர்த்தார். ஸ்பெயினிலிருந்து தகடு வெட்டும் மெஷின் வந்திருந்தது, கூடவே ஓர் இன்ஜினியரும். அவன் பேசுவதை அவள் தமிழில் சொல்வாள். நான் பக்கத்து லேத்தில் வேலை பார்த்தேன்.

ஒருநாள் அந்த மெஷின், அதை ஓட்டிய குப்பனின் வலது கை விரல்களை வெட்டிவிட்டது. நாங்கள் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இன்ஜினியர் வேகம் காட்டும் முள்ளைப் பார்த்துவிட்டு, சிஸ்டர் சொல்லும் அதே வாக்கியத்தைச் சொன்னானாம். "வேகத்தை அளவுக்கு மேல வச்சுட்டாராம் சார், தப்பு தன்மேலதான்னு சொல்றாரு" என்று அருள்மேரி முதலாளியிடம் சொன்னாள். அவருக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்ததால்தான் அன்றைக்கே இன்ஜினியரை ஊருக்குத் திருப்பியனுப்ப மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குக் காரில் அனுப்பிவைத்தார். வேகத்தைக் குறைத்தால் ஆர்டர் தள்ளிப்போகுமே!

பிறகு விசாரணை என்று ஒரு நாடகம். குப்பன் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அவன் மனைவி எல்லம்மா வந்து நின்றாள்.

"அந்த ஸ்பெயின்காரன் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை சொல்லும்மா. விளக்கம் வேணாம்" என்றார் முதலாளி. "மானோன்னா?"

"கை, சார். ஆனா அதுக்கு..."

"கேட்டதுக்கு மட்டும் பதில். ஃபுவேன்னா?"

"போச்சு."

"அவ்ளோதான். கை போச்சேன்னு வருத்தப்பட்டிருக்கான். மெஷின்ல தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லலையே!"

நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. அர்த்தம் தெரியாதவனை மன்னிக்கலாம். தெரிந்தே அதைக் கொன்ற மனுஷனை என்ன செய்வது? கவனக்குறைவு என்று குப்பனை வேலையிலிருந்து நீக்கினார். மெஷின் அதே வேகத்தில் ஓடியது.

வாசலில் எல்லம்மா அருள்மேரியை மறித்தாள். "உனுக்குத் தெரியும்ல அக்கா? அப்புறம் இன்னாத்துக்கு அந்தாளு கேட்டதுக்கெல்லாம் தலைய ஆட்டிகினு நின்னே?"

அருள்மேரி அழவில்லை. தன் வாயை வைத்தே குப்பனை வெளியே தள்ளிவிட்டார்களே என்ற ஆத்திரம்தான் அவளுக்கு.

மறுநாள் காலை அவள் உள்ளே போகவில்லை. கேட்டில் நின்று, வந்த எங்கள் ஒவ்வொருவரையும் நிறுத்தினாள்.

"வேகத்தைக் கூட வச்சது தன் தப்புன்னு அந்த ஸ்பெயின்காரரு ஒத்துக்கிட்டாரு அண்ணா! குப்பன்மேல எந்தத் தப்பும் இல்ல. இப்பவும் அதே வேகத்துலதான் ஓடுது!"

முதலாளி ஓடிவந்தார். "உனக்கு இனிமே இங்க வேலை கிடையாது!"

"வேணாம் சார். அவரு சொன்னதை முழுசா சொல்லிட்டுத்தான் போவேன்" என்று அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஷிப்ட் மணி அடித்தது. சுவிட்சைப் போடச் சொல்லி முதலாளி தொண்டை கிழியக் கத்தினார். எங்களில் ஒருவனும் அந்த மெஷினில் கை வைக்கவில்லை.