கிழக்கு அறையும் கிணற்றுக்குப் போகும் வழியும்

தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோ நகரின் மையத்தில் இருந்த ஒரு சிறிய ஆவணக் காப்பகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. முதியவர் ஒருவர் தன் குடும்பத்துப் பழைய பத்திரங்களைப் பெட்டி பெட்டியாகக் கொடுத்திருந்தார். அவற்றைப் பிரித்து, வாசித்து, தட்டச்சுச் செய்ய வேண்டும்.

அமெரிக்கா இன்னும் இங்கிலாந்தின் கையில் இருந்த காலத்தில் மாசசூசெட்ஸில் பீப்பாய் செய்து பிழைத்த குடும்பம் அது. ஒரு மகன் தோல் பதனிட்டான், இன்னொருவன் இரும்படித்தான். பின்னாளில் ஒரு கிளை வடக்கே கனடாவுக்கு வந்துவிட்டது. பெட்டிகளில் காணி உறுதிப் பத்திரங்களும் வரிச் சீட்டுகளும் இருந்தன. பீப்பாய் கொடுத்துச் சோளமும் விறகும் வாங்கிய கணக்குகள் இருந்தன. ஆள் இறந்ததும் அயலவர்கள் வந்து வீட்டுச் சாமான்களை எழுதிவைத்த பட்டியல்களும் இருந்தன. 'ஒரு கால் உடைந்த கதிரை' என்றுகூட எழுதியிருந்தார்கள்.

பெட்டிகளைக் கொடுத்த முதியவர் ஓய்வுபெற்ற பிளம்பர். மனைவி இறந்துவிட்டார், கண்பார்வையும் மங்கிவிட்டது. புதன்கிழமை தோறும் பஸ் பிடித்து வந்து என் மேசைக்கு எதிரே அமர்ந்துகொள்வார். நான் சத்தமாக வாசிக்க வேண்டும். என் ஆங்கிலத்தை நினைத்து முதலில் கூசினேன். அவரோ, "அவசரமில்லை, இவர்கள் எல்லாரும் செத்து வெகுகாலம்" என்றார்.

ஒருநாள் பீப்பாய்க்காரரின் வீட்டைப் பங்கு பிரித்த பத்திரம் கைக்கு வந்தது. விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு: கிழக்குப் பக்க அறை, நிலவறையில் பாதி, குசினிக்குள் போய் அடுப்பில் பாண் சுடும் உரிமை, முற்றத்தால் கிணற்றுக்குப் போய்வரும் உரிமை. மீதியெல்லாம் மூத்த மகனுக்கு. வாசித்துக்கொண்டே போனவள் சிரித்துவிட்டேன்.

அவர் காரணம் கேட்டார். சொன்னேன். அப்போது நானும் கணவரும் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலத்தடிப் பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தோம். மேலே இருந்த வீட்டுக்கார அக்கா மட்டக்களப்புப் பக்கம். அன்று காலைதான் படியில் நின்று சொல்லியிருந்தார்: "தங்கச்சி, உடுப்புக் கழுவுறது சனிக்கிழமை மட்டுந்தான். முன்கதவால வராதீங்க, பக்கக் கதவால வாங்க, என்ன?" நல்ல மனுசி. வீட்டுக் கடன் அவரையும் நெருக்கிக்கொண்டிருந்தது. சில ஞாயிறுகளில் எங்களுக்குப் புட்டும் கறியும் படியில் வைத்துவிட்டுப் போவார்.

கிழவர் இருமல் வரும்வரை சிரித்தார். எங்கள் ஊர் உறுதிகளிலும் கிணற்றில் பங்கு, வழி, வாய்க்கால் என்று எழுதுவோம் என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மாவின் சீதன உறுதியில் இருந்ததை நினைவிலிருந்து சொன்னேன். "சரி, நீ எப்போது உன் சொந்தக் கிணற்றை வாங்கப்போகிறாய்?" என்று கேட்டார்.

வீடு தேடத்தான் தொடங்கியிருந்தோம். தானும் வந்து பார்ப்பதாக அவராகவே சொன்னார். மிசிசாகாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்த என் கணவருக்கு அது பிடிக்கவில்லை.

"நீர் என்ன, வேலையிடத்துக் கிழவனையும் கூட்டிக்கொண்டு வாறீரோ? ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"வந்து பாத்திட்டுப் போகட்டுமன். காசோ கேக்கிறார்?"

கிழவரோடு போய் முதலில் பார்த்த வீட்டின் பேஸ்மென்றில் புது வெள்ளைப் பெயின்ற் மணத்தது. வீட்டு ஏஜென்ற் எங்கள் ஊர்ப் பொடியன். "அண்ணை, இண்டைக்கே விலை சொல்லி ஓபர் போடுங்கோ. இன்னும் ரெண்டு பேர் பாத்துக்கொண்டிருக்கினம்" என்று அவசரப்படுத்தினான். கிழவர் காதில் வாங்கவில்லை. உள்ளங்கையைச் சுவரில் வைத்துத் தடவிக்கொண்டே போனார். ஒரு மூலையில் நின்று, என் கணவரின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். பிறகு வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"வெள்ளைக்காரன் சொல்லுறதைக் கேட்டா ஒரு வீடும் வாங்கேலாது அண்ணை" என்றான் ஏஜென்ற்.

என் கணவர் கையை எடுக்காமலே நின்றார். "தம்பி, சுவர் உள்ளுக்கை தண்ணி ஊறிப்போய்க் கிடக்கு. நானே தொட்டுப் பாத்தன்."

திரும்பும்போது கிழவரை எங்கள் வான் வண்டியின் முன்சீற்றில் ஏற்றினார். அடுத்த வாரம் அவரே கிழவருக்குத் தொலைபேசி எடுத்தார். அந்த இளவேனில் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் வீடு பார்த்தோம். வழியில் கோப்பியும் டோனற்றும். வானுக்குள் கிழவர் தன் முப்பாட்டன்மாரின் சண்டைகளைச் சொல்லிக்கொண்டு வருவார். ஒரு வேலிக்காக அண்ணனும் தம்பியும் கோட்டுக்குப் போன கதையைக் கேட்டு என் கணவர், "எங்கடை ஆக்கள்தான்" என்று சிரித்தார். அந்த ஞாயிறுகளைப் போல நாங்கள் இலேசாக இருந்த நாட்கள் பிறகு அதிகம் வரவில்லை.

கடைசியில் வாங்கியது பூனை மணக்கும் ஒரு பழைய வீடு. மண்ணிறக் கார்பெற், பாசிநிறக் குசினி. எனக்கு அழுகை வந்தது. கிழவர் பேஸ்மென்றில் குழாய்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, இதைக் கட்டியவனுக்குத் தொழில் தெரியும் என்றார். அதற்குமேல் நாங்கள் யோசிக்கவில்லை.

பால் காய்ச்சிக் குடிபுகுந்த அன்று கிழவர் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்து, சோறும் கறியும் கரண்டியால் சாப்பிட்டார். பக்கத்தில் மட்டக்களப்பு அக்கா அமர்ந்து, அவர் கேட்காமலே சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தார்.

இலையுதிர்காலத்தில் கனடாவின் மேற்கிலிருந்த மகள் அவரைத் தன்னோடு வந்திருக்கச் சொல்லிவிட்டாள். என் கணவர் வேலைக்கு லீவு போட்டு, அவரை ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். இன்னும் இரண்டு பெட்டிகள் வாசிக்காமல் கிடந்தன. "முடித்துவிடு. தோல் பதனிட்டவன் கடைசியில் என்ன ஆனான் என்று எனக்கு எழுது" என்றார். என் கணவர் அவருடைய பையை ரயிலுக்குள் வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வானுக்குத் திரும்பினோம். என் கணவர் அதை உடனே ஸ்ராட் பண்ணவில்லை.

"அந்தாளின்ரை விலாசம் வாங்கினனீரோ?"

"ஓம்."

"தாரும்" என்று வாங்கி, தன் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.