கொடுக்கும்போது பாசிட்டிவ், வாங்கும்போது நெகட்டிவ்

போட வேண்டிய ஓர் ஊசியைப் போட வேண்டாம் என்று தொலைபேசியில் சொன்னவன் நான். அதனால் ஒரு குழந்தைக்குக் காது கேட்காமல் போயிற்று. ரத்த வங்கியில் முப்பது வருடம் டெக்னீஷியனாக இருந்தவன், தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் பேசினார்.

"சார், இங்க ஒரு பொண்ணுக்கு நேத்து பிரசவம். எங்க லேப்ல ஓ நெகட்டிவ்னு வருது. காலேஜ் கேம்ப்ல ரத்தம் குடுத்தப்ப நீங்க குடுத்த கார்டுல ஓ பாசிட்டிவ்னு இருக்கு. கொழந்த பாசிட்டிவ். ஆன்டி-டி ஊசி போடறதா, வேணாமா?"

"எங்க கார்டு தப்பாவாதும்மா. மொதல்ல உங்க லேப்ல டியூப நல்லா கழுவச் சொல்லு."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப ஊசி வேணாம்னு எழுதிக்கட்டுமா சார்?"

"எழுதிக்க."

தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால் மூன்று நாளுக்குள் அந்த ஊசியைப் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் தாயின் உடம்பு குழந்தையின் ரத்தத்தைப் பகையாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த குழந்தை வயிற்றில் இருக்கும்போதே அதன் ரத்தத்தை அழிக்கத் தொடங்கலாம்.

ரத்தத்தை பாசிட்டிவ் ஆக்குவது டி என்ற ஒரு பொருள். சிலருக்கு அது மிகக் குறைவாக, அல்லது அரைகுறையாக இருக்கும். வீக் டி என்போம். அவர்கள் ரத்தம் கொடுத்தால் பையில் பாசிட்டிவ் என்று எழுதுவோம். அந்தத் துளி டி-யே ஒரு நெகட்டிவ் நோயாளிக்குக் கேடு செய்யும். அவர்களுக்கே ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் நெகட்டிவ் என்று வைத்துக்கொள்வோம். பிரசவத்தில் ஊசி விஷயத்திலும் அப்படித்தான். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு இதை நானே பாடமாக நடத்தியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் 'வீக் டி' என்று எழுதியிருந்ததும் என் கைதான். பதிவேடு எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. எங்கள் கார்டை ஒரு நர்ஸ் சந்தேகப்படுவதா என்ற எரிச்சலில் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு மதியம், பிறந்து ஒரு நாளான குழந்தைக்கு ரத்தத்தை மாற்ற வேண்டும் என்று படிவம் வந்தது. மஞ்சள் காமாலை வேகமாக ஏறுகிறது; மூளையைத் தொட்டால் உயிர் போகலாம், காது போகலாம். இருக்கும் ரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்ற வேண்டும். தாயின் பழைய கார்டையும் குத்தி அனுப்பியிருந்தார்கள். முதல் பிரசவம் அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் என்று படிவத்தில் இருந்ததைப் பார்த்ததும் பதிவேட்டை எடுத்தேன். இந்த முறை எழுந்து எடுத்தேன். கார்டின் எண்ணுக்கு எதிரே என் கையெழுத்தில் 'வீக் டி'. பாசிட்டிவ் என்று ஆஸ்பத்திரி ஏட்டில் ஏறிவிட்டதால் இரண்டாவது கர்ப்பத்தில் யாரும் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை.

ஃப்ரிட்ஜில் இருந்த ஓ நெகட்டிவ் பைகள் பழையவை. பச்சைக் குழந்தைக்குப் புது ரத்தம் வேண்டும். ஓ நெகட்டிவ் கொடையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டதில், முத்தியால்பேட்டையில் பைக் மெக்கானிக் ஒருவர் கை கிரீஸோடு அப்படியே வந்தார். அவரிடம் எடுத்த பிறகும் பரிசோதனைகள் முடிய வேண்டும். தாயின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தோடு கலந்து கட்டி தட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அவசரப்படுத்தவும் முடியாது, காத்திருக்கவும் முடியாது. வார்டிலிருந்து ஃபோன் வந்துகொண்டே இருந்தது: "மஞ்ச ஏறிக்கிட்டே போவுது சார்."

குழந்தையின் அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். வைத்திக்குப்பத்து மீனவர்.

"இன்னும் எவ்ளோ நேரம் சார்?"

"ஆயிடும்பா."

"அவ ரத்தத்துல இன்னா சார் கோளாறு? காலேஜ் படிக்கறப்ப ரத்தம் குடுத்தாளாம். அதுலதான் கெட்டுப்போச்சுன்றாங்க எங்கம்மா. நெசமா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்து 'பின்ன எதனால?' என்று கேட்பார்.

"டாக்டர கேளுப்பா," என்றேன்.

டியூபை விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தேன். கட்டி தட்டவில்லை. பையை அவரே வாங்கிக்கொண்டு ஓடினார். குழந்தை பிழைத்துவிட்டதென்று மறுநாள் கேள்விப்பட்டேன். அதற்கு மேல் விசாரிக்கத் துணிவில்லை.

ஓய்வு பெற்றதும், படிவத்திலிருந்து குறித்து வைத்திருந்த விலாசத்துக்குப் போனேன். வாசலில் ஒரு கிழவி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். இரண்டு காதிலும் மிஷின் மாட்டிய சிறுமி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து வந்த அவளுடைய அம்மாவிடம், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் ரத்தம் குடுத்ததால இல்லியா?" என்றார் அவர்.

"இல்லம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் ஃபோன்ல சொன்னதாலதான்."

"அஞ்சு வருஷமா சார். சோத்துல கை வெச்சா அந்தப் பேச்சுதான்." திரும்பி உரக்கக் கூப்பிட்டார். "அத்த, இங்க வாங்க. இவரு சொல்றத நீங்களும் கேளுங்க. சார், மறுபடி சொல்லுங்க. தெருவுக்கே கேக்கறாப்புல சொல்லுங்க."

சொன்னேன். மாமியார் அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"படிச்ச மனுசனாட்டம் இருக்கறியே, எந்திரிச்சிப் பாக்க இன்னாய்யா கேடு உனக்கு?"

அக்கம்பக்கம் கூடிவிட்டது.

"எழுதிக் குடுங்க," என்றார் மருமகள். மகளின் நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தார். எழுதி, கையெழுத்துப் போட்டு, என் விலாசமும் எழுதினேன். அதை வைத்துச் சுகாதாரத் துறையில் புகார் கொடுத்தார்கள். விசாரணைக்குக் கூப்பிட்டபோது இதையேதான் சொன்னேன். ஃபோனில் பேசியதற்குச் சாட்சி இல்லை, கார்டில் பிழையும் இல்லை என்று எழுதி முடித்துவிட்டார்கள். கார்டில் பிழை இல்லை என்பது உண்மைதான். இத்தனை வருடமும் நான் ஒளிந்துகொண்ட இடமும் அதுதான்.

சில வாரம் கழித்து அந்த அப்பா என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்கம்மா அவள ஏசறத வுட்டுட்டாங்க. அத சொல்லத்தான் வந்தேன்."

"பாப்பா எப்படிப்பா இருக்கு? நான் ஒரு தடவ வந்து..."

"வேணாம் சார். இனிமே அந்தப் பக்கம் வராதீங்க. அவ சொல்லச் சொன்னா."

அதன் பிறகு நான் அங்கே போகவில்லை.