செங்கடலுக்குப் போன தலைகீழ் லேபிள்

ஆராய்ச்சி செய்தால் இதைத்தான் செய்ய வேண்டும் என்று எனக்கு உறைத்தது கோவில்பட்டியில், ஒரு தீப்பெட்டி ஆபீசில்; தொழிற்சாலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு அங்கே ஏற்றுமதிக் கடிதங்கள் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அச்சாபீசிலிருந்து வந்த மாதிரித் தாளில் ஒரு லேபிள்: நடுவில் சக்கரம், சுற்றிலும் அரபு எழுத்து, ஓரத்தில் எது மேல்பக்கம் என்று ஓர் அம்புக்குறி. ஆனால் பெட்டிகளில் எல்லாம், பின்பக்க எழுத்து நேராக இருக்க, அது மட்டும் தலைகீழாக ஒட்டியிருந்தது.

மேனேஜரிடம் கேட்டேன். சிரித்தார்.

"முதல்ல விளாத்திகுளம் பக்கத்துப் பொம்பளையாளுவ தப்பாத்தான் ஒட்டிட்டாவ தாயி. சக்கரத்துக்கு மேலென்ன, கீழென்ன? அந்த எழுத்து இங்கன யாருக்குத் தெரியும்? சரக்கு கப்பலேறிப் போயிட்டு. அடுத்த தடவை சரியா ஒட்டி அனுப்புனா, இது போலின்னு அங்கன சனங்க வாங்க மாட்டேன்னுட்டாவ. பழையபடியே ஒட்டுங்கன்னு கடுதாசி வந்துச்சு."

செங்கடல் துறைமுகம் ஒன்றின் கடைக்காரர்களிடமிருந்து வந்த அந்தக் கடிதத்தையும் அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். அன்று எனக்கு வேலை ஓடவில்லை. நான் படித்த புத்தகங்களின் வரைபடங்களில் அம்புகள் பெரிய நகரத்திலிருந்து பெரிய நகரத்துக்குத்தான் பாயும். இங்கேயோ, விளாத்திகுளம் பக்கத்துப் பெண்களின் கைத்தவறு ஒன்றைக் கடலுக்கு அந்தப்பக்கம் அடுப்பு மூட்டுகிறவர்கள் முத்திரையாக்கிவிட்டார்கள். லேபிளை மட்டும் போனில் படம் எடுத்தேன். கடிதம் எங்கே போகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

பி.எச்டி. நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊரையும் செங்கடல் கரையையும் ஒரு லேபிள் இணைத்ததை உலக வரலாறாக எழுதப்போகிறேன் என்றேன்; முழுதாகச் சொல்லி முடிக்க விடவில்லை.

"எந்த ஆவணக் காப்பகம்மா?"

"தீப்பெட்டி ஆபீஸ் அலமாரி சார்."

ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொருவர், "ஊர் வரலாறு எழுதுங்களேன், உலகம் எதுக்கு? கடலைமிட்டாய்கூட இருக்கே!" என்றார். மூவரும் சிரித்தார்கள். இன்னும் கொதிக்கிறது எனக்கு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஊர் வரலாறு, உலக வரலாறு எழுத வேறு ஆட்கள் என்று யார் பங்கு பிரித்தது? கடைசியில் தலைவர் சொன்னார்: "திங்கட்கிழமைக்குள்ள அந்தக் கடிதத்தைக் கொண்டாங்க, பார்ப்போம்."

பஸ்ஸில் வந்து இறங்கி நேரே ஆபீசுக்கு ஓடினேன். அலமாரி காலி. கதவில் சந்தனமும் குங்குமமும் புதிதாக இருந்தன.

"ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் ஒழிச்சுப்போட்டோம் தாயி. கரையான் வேற. பழைய பேப்பர் லாரியில போயிட்டு."

"அந்தக் கடுதாசி வேணும்னு சொன்னேன்லா அண்ணாச்சி?"

"எப்ப சொன்ன? போட்டோவுல்லா புடிச்ச!"

பசை போட்டுக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி, "ஏட்டி, ஒரு தாளுக்கா இம்புட்டு அழுகை? நாங்க நாளுக்கு ஆயிரம் ஒட்டுதோம்," என்றாள். அவள்மேல் பாய்ந்து விழலாம் போலிருந்தது. வருஷா வருஷம் இந்தக் கரிசல் பூமி முழுக்க மஞ்சள் தெளித்து, பூச்சூட்டி, வரலாற்றைத் தூக்கி லாரியில் போடுகிறோம்; சாமி பேரைச் சொல்வதால் யாரும் வாய் திறப்பதில்லை.

திங்கட்கிழமை வெறுங்கையோடு போனேன். இடம் கிடைக்கவில்லை. ஆனால் அங்கே கேட்ட ஒரு கேள்விக்கு என்னால் கோபப்பட முடியவில்லை. "அரபி தெரியுமா?" என்றார்கள். தெரியாது. அந்த லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. தமிழ் தெரியாமல் எங்களைப் பற்றித் தடிப்புத்தகம் எழுதுகிறவர்களை இவர்கள் இப்படிக் கேட்டிருப்பார்களா என்பது வேறு சண்டை. அதையும் ஒருநாள் போடுவேன். ஆனால் அந்தக் கரைக்காரர்களின் பேச்சு புரியாமல் இணைப்பு, இணைப்பு என்று நான் மட்டும் எதை எழுதுவது?

சனிக்கிழமையிலிருந்து காயல்பட்டினத்தில் அரபி வகுப்பு, பணம் கட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பசைக்கார அக்காவின் வண்டியில், அவளுக்கும் ஊர் அதுதானாம், விளாத்திகுளம் பக்கம் போய், முதலில் லேபிள் ஒட்டியவர்களைத் தேடப்போகிறேன். செங்கடல் கடைக்காரர்களுக்கு அரபியில் என் கையாலேயே கடிதம் எழுத ஒரு வருஷமாவது ஆகும். எழுதுவேன். இந்தத் தடவை இரண்டு நகல் எடுத்து வைத்துக்கொண்டு.