கொன்றோலுக்கு எடுத்த அந்தோனியின் இரத்தம்

அன்று காலை எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வுகூட வாசலில் ஒருவர் இன்னொருவரின் சட்டையைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்தார். பிடித்தவர் சூசை. பிடிபட்டவர் அவருடைய தங்கையின் புருசன் அந்தோனி. இருவரும் குருநகர்க் கடற்றொழிலாளர்.

"ஊர் மேய்ஞ்சுபோட்டு வந்து என்ரை தங்கச்சிக்கு வருத்தத்தைக் குடுத்திட்டாய், என்ன?"

அந்தோனியின் மனைவி, கர்ப்பிணியான ஜெசிந்தாவுக்கு வி.டி.ஆர்.எல். பொசிற்றிவ் வந்திருந்தது. பாலியல் நோய்க்காகச் செய்கிற சோதனை அது, செய்தவள் நான். டொக்டர் பார்க்குமுன்பே கிளினிக் வாங்கில் குந்தி முறைக்குக் காத்திருந்தவர்களுக்குச் சங்கதி தெரிந்துவிட்டது. எங்கள் ஆட்களின் காதுக்கு எந்த மைக்குறோஸ்கோப்பும் கிட்ட நிற்காது. முன்பு மூன்று பிள்ளைகள் வயிற்றிலேயே இறந்ததற்கும் அந்தோனிதான் காரணம் என்று அவளுடைய பிறந்த வீட்டார் முடிவுகட்டி, ஜெசிந்தாவைப் பிரித்துக் கூட்டிப்போக வந்திருந்தார்கள்.

மகப்பேற்று டொக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"ஜெசிந்தாவின்ரை இடது கால் வீங்கியிருக்கு. உள்ளுக்கை இரத்தம் உறைஞ்சிருக்கு. மூண்டு பிள்ளை அழிஞ்சிருக்கு. எனக்கென்னவோ வி.டி.ஆர்.எல். பொய் சொல்லுது போலை கிடக்கு. உறையிற நேரத்தைப் பாருங்கோ."

தொண்ணூறுகளின் தொடக்கம், யாழ்ப்பாணத்தில் போர்க்காலம். மின்சாரம் கிடையாது. மண்ணெண்ணெய் அடுப்பில் தண்ணீர் சுடவைத்து, பேசினில் ஊற்றி, உடம்புச் சூட்டுக்கு வரும்வரை வெப்பமானியோடு மல்லுக்கட்டுவோம். அதற்குள் கண்ணாடி ரியூப்பை வைத்துச் சரித்துச் சரித்துப் பார்க்க வேண்டும். ஒப்பிடுவதற்கு நோயில்லாத ஒருவரின் பிளாஸ்மாவும், அதாவது இரத்தத்தின் தெளிந்த நீரும், வேண்டும். கொன்றோல் என்போம். வழக்கமாக எங்களில் ஒருவர் கையை நீட்டுவோம்.

"இண்டைக்கு உங்கடை வேண்டாம். புருசன்ரையை எடுங்கோ, அவருக்கும் வி.டி.ஆர்.எல். பார்த்ததாய் இருக்கும்," என்றார் டொக்டர்.

அந்தோனி கிழிந்த சட்டைக்கையை மடித்துவிட்டார். "எவ்வளவு வேணுமெண்டாலும் எடுங்கோ மிஸ். நான் ஒரு பிழையும் செய்யேல்லை."

அவருடைய வி.டி.ஆர்.எல். நெகற்றிவ். அவருடைய பிளாஸ்மா நேரத்துக்கு உறைந்தது. ஜெசிந்தாவினுடையது வெகுநேரம் பிந்தியது. இரண்டையும் சரிபாதி கலந்தேன். ஏதாவது சத்துக் குறைவென்றால் கலந்ததும் சரியாகியிருக்கும். ஆகவில்லை. ஜெசிந்தாவின் உடம்பு தனக்கெதிராகத் தானே உண்டாக்கிய ஏதோவொன்று, அந்தோனியின் பிளாஸ்மாவையும் உறையவிடாமல் மறித்தது. வி.டி.ஆர்.எல்.லை ஏமாற்றியதும் அதுதான்.

சூசைக்கு விளங்கவில்லை. "உறையப் பிந்துதெண்டால் காலுக்கை எப்பிடி உறைஞ்சது?"

"ரியூப்பிலை பிந்தும், உடம்பிலை முந்தும். அதுதான் இந்த வருத்தத்தின்ரை குணம். நஞ்சுக்கொடியிலையும் உறைஞ்சுதான் பிள்ளையள் அழிஞ்சிருக்கு. உங்கடை மச்சானிலை ஒரு பிழையுமில்லை," என்றார் டொக்டர்.

சூசை அந்தோனியின் கிழிந்த சட்டைக்கையை இழுத்துச் சரிசெய்துவிட்டார். பிறகு, "மச்சான், வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்," என்றார். எங்கள் பக்கத்தில் ஆம்பிளைகள் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான்.

நோயைக் கண்டுபிடித்தாயிற்று, பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமே. சின்ன அளவில் அஸ்பிரின், காலையும் மாலையும் இரத்தம் உறையாமல் தடுக்கிற ஹெப்பரின் ஊசி. எங்கள் பக்கத்துக்கு மருந்து வரத் தடையிருந்த அந்நாட்களில் ஹெப்பரின் குதிரைக்கொம்பு. வார்ட் சிஸ்ரர் எங்கெங்கோ கேட்டு வாங்கிச் சேர்த்துவைத்தார். அவருக்குக் கோயில் கட்டலாம். கண்ணாடிச் சிறிஞ்சை அவித்து ஊசி போட அந்தோனி பழகினார். வலை பின்னுகிற கை, சட்டெனப் பிடித்துக்கொண்டது. சில வாரங்கள் கழித்து, காலை ஊசிக்கு முன்னரே இரத்தமெடுத்து, நோயை உறுதிப்படுத்த மறுபடி சோதித்தோம், அதே முடிவுதான்.

இப்போது ஆய்வுகூடத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பொசிற்றிவ் என்று எழுதியதோடு வேலை முடிந்துவிடாது. அந்தச் சொல்லை டொக்டரின் கையில் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். என்னை அப்படி வேலை செய்யப் பழக்கிய டொக்டருக்கும் சிஸ்ரருக்கும் நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

மாதங்கள் கழித்து ஒருநாள் அந்தோனி ஆய்வுகூடத்துக்குள் செருப்போடு ஓடிவந்தார். ஆணா பெண்ணா என்றுகூட அவர் சொல்லவில்லை.

"மிஸ், பிள்ளை அழுதது! வெளியிலை நிண்ட எனக்கே கேட்டது!"

முதல் மூன்றும் அழாமல் வந்தவை. நான் ரியூப்பைக் கீழே வைத்துவிட்டு அவரோடு சேர்ந்து அழுதேன்.